ஒரே கம்பியில் இரு கேள்விகள்

நவம்பர் 18

காலையிலிருந்து மழை. பாதுகாப்பு ஆய்வுக் குழு இருபத்தெட்டாம் தேதி வருகிறது. எரிவாயுக் கிணறு தோண்டும் ஒவ்வொரு துளைமேடையிலும், துளையாளரின் கண்ணெதிரே, துளைக்குள் செலுத்தும் சேற்றின் தொட்டி அளவைக் காட்ட, பதிவறையில் உள்ளது போக இரண்டாவது திரை இருந்தாக வேண்டுமென, நிறுவனத்தின் சட்ட அலுவலன் என்ற முறையில், சுற்றறிக்கை வரைந்து அனுப்பினேன். "இருபத்தைந்தாம் தேதிக்குள், எக்காரணத்தாலும் தாமதம் ஏற்கப்படாது." துணை மேலாளர் லூ படித்துவிட்டுச் சிரித்தார். "ஏம்ப்பா கூ, உன் எழுத்துல ஊசி நுழையக்கூட இடமில்லையே." பாராட்டாகவே கொண்டேன்.

நவம்பர் 27

நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவைப்பது என் கடமை.

நாளைய ஆய்வுக்காக ஆறாம் கிணற்றைச் சரிபார்க்கச் சென்றிருந்தேன். 10:31க்கு மேடையேறினேன். இரண்டாவது திரை இருந்தது. 38.4 கன மீட்டர் என்று காட்டியது. துளையாளர் பாங் தெஹாய் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "போதுமா வக்கீலண்ணே? நாளைக்கு மார்க் குறைக்க மாட்டாங்கல்ல?" என்றான். பட்டியலில் குறியிட்டு இறங்கினேன்.

10:40க்கு நிலம் உறுமியது. சேறு கோபுர உச்சிக்குமேல் கறுப்பாகப் பீறிட்டது. பின்னாலேயே குழாய்கள் வந்தன, நூறு நூறு கிலோ இரும்பு, சாப்பாட்டுக் குச்சிகளைப்போல. ஒன்று தெஹாயின் மார்பின்மீது விழுந்தது. அவன் எழ முயன்றான். அதை நான் பார்த்தேன். பிறகு தீ.

கீழே வாயு தள்ளினால் முதலில் தொட்டியில் சேறு ஏறும். ஏறியதை யாரும் சொல்லவில்லை. அதைப் பார்த்துச் சொல்வது, அளவுகளைக் கண்காணிக்கும் பதிவறையில் இருந்த ராவ் யுவேயின் வேலை.

நவம்பர் 28

ஆய்வுக் குழு வரவில்லை.

நவம்பர் 30

இறுதிச் சடங்குப் பந்தலுக்கு ராவ் யுவே வெள்ளை மலர்வளையத்துடன் வந்தாள். வந்திருக்கக் கூடாது. தெஹாயின் அண்ணன் தாஷான் அதே துளைக் குழுவின் மின்பணியாளர். வளையத்தைப் பிடுங்கி மிதித்தான்.

"தூங்கினியா? போன் நோண்டினியா? சொல்லுடி!"

"நான் திரையை விட்டுக் கண்ணெடுக்கல பாங் அண்ணே. முப்பத்தெட்டு புள்ளி நாலு. அசையவே இல்ல. ஏன் அசையலன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அந்தக் கடைசிச் சொல்லுக்குத்தான் அடித்தான் என்று இப்போது தோன்றுகிறது. பெரிய ஸ்பேனர். அவள் வலக்கையால் தலையை மறைத்தாள். மணிக்கட்டு முறிந்த ஓசை பட்டாசுச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நால்வர் சேர்ந்து அவனை இழுத்தோம். ராவின் இரத்தம் என் சட்டைக் கையில்.

டிசம்பர் 2

லூவின் உத்தரவு: அறிக்கையில் ராவ் யுவேயின் கவனக்குறைவே காரணமென எழுத வேண்டும். அப்படி எழுதினால் அவளுக்கு மூன்றாண்டுச் சிறையேனும் உறுதி. பாதி எழுதிவிட்டேன். நன்றாகவே எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் 5

மருத்துவமனையில் அவளிடம் வாக்குமூலம் பெற்றேன். இடக்கையால் படம் வரைந்து விளக்கினாள். பதிவறைக் கணினி கம்பிவழியே ஒவ்வொரு அளவுமானியையும் எண் சொல்லி அழைக்கும். அழைக்கப்பட்டது மட்டும் பதில் சொல்லும். ஒரே கம்பியாதலால் கேட்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும். இருவர் கேட்டால் பதில்கள் மோதிச் சிதையும். சிதைந்ததைக் கணினி எறிந்துவிட்டுப் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்.

"இரண்டாவதாகக் கேட்டது எது?"

"மேடையில வெச்ச புதுத் திரை. தனிக் கம்பி இழுக்க நேரமில்லையாம். என் கம்பியிலயே ஒட்டிட்டாங்க. எண் உறையுதுன்னு மூணு தடவை நோட்டுல எழுதினேன், தாஷான் அண்ணன்கிட்ட நேர்லயும் சொன்னேன். 'ஆய்வு முடியட்டும் தங்கச்சி, மறுநாளே பிடுங்கிடறேன்'னாரு."

டிசம்பர் 6

கிணற்றடி. எரிந்த இரும்பு நாற்றம். தொட்டியருகே இணைப்புப் பெட்டி பிழைத்திருந்தது. சாட்சிகள் இருவர் முன்னிலையில் முத்திரை உடைத்துத் திறந்தேன். இரண்டு முனைகளில் இரண்டுக்குப் பதில் நான்கு கம்பிகள். கூடுதல் இரண்டில் மஞ்சள் நாடா, அவசரமாகச் சுற்றியது. கணினிப் பதிவில் 10:28 முதல் 10:40 வரை 38.4. உயிருள்ள தொட்டி அப்படி நிற்காது, ஒரு நிமிடம்கூட.

நான் 10:31க்கு அதைப் பார்த்தேன். பார்த்து, குறியிட்டேன்.

டிசம்பர் 7

லூவிடம் எல்லாவற்றையும் வைத்தேன். "தம்பியைப் பறிகொடுத்தவன் மேல பழி போடச் சொல்றியா? அந்தப் பொம்பளைக்குக் குடும்பம் கிடையாது, மூணு வருஷம் ஓடிடும். யோசிப்பா. கம்பியை ஒட்டினது அவன். ஒட்ட வெச்சது யாரு? தேதி போட்டது யாரு?"

மேசையிலிருந்த தேநீர்க் குடுவையை அவர் முகத்தில் அடிக்க என் கை எழுந்தது. எழுந்தது உண்மை. சுவரில் அடித்தேன். நாப்பத்தாறு வயசுல, சட்டம் படிச்சவன்... லூ சொன்னதுல என்ன பொய்? தேதி போட்டது நான்தானே. டிக் போட்டதும் நான்தானே!

டிசம்பர் 9

மஞ்சள் நாடாவின் படத்தைத் தாஷானிடம் காட்டினேன். நேரே மருத்துவமனைக்கு நடந்தான், நான் பின்னால். ராவின் கட்டிலருகே மண்டியிட்டான்.

"அடி தங்கச்சி."

"எந்திரிச்சுப் போங்க."

"என் தம்பியை நானே கொன்னுட்டேன். அடி!"

அடித்தாள். இடக்கையால், முகத்தில், பிறகு இரும்புத் தட்டால். உதடு கிழிந்தது, புருவம் பிளந்தது. அவன் கை தூக்கவில்லை. செவிலி கத்தினாள். தடுத்திருக்க வேண்டியவன் நான். கதவைச் சாத்தினேன்.

தட்டு நெளிந்தபின் அவள் அழுதாள். அவனும்.

டிசம்பர் 10

பாதி எழுதிய அறிக்கையைக் கிழித்தேன். புதியதை மாவட்ட விசாரணை அலுவலகத்தில் நானே கொடுத்தேன். இணைப்புகள்: ராவின் நோட்டு, கணினிப் பதிவு, பெட்டியின் படம், என் சுற்றறிக்கை, நான் குறியிட்ட பட்டியல்.

டிசம்பர் 16

மருத்துவமனையிலிருந்து விசாரணைக்குக் கொண்டுவந்திருந்த ராவ் யுவேயை இன்று விடுவித்தார்கள். அவள் வெளியே வந்த அறையிலேயே என்னை உட்காரவைத்தார்கள். அதிகாரிகள் இருவர், கம்பியைப் பற்றி ஒருவரும், தேதியைப் பற்றி மற்றவரும் ஒரே நேரத்தில் கேட்டனர்.

ஒருவர் பின் ஒருவராகக் கேட்குமாறு வேண்டினேன். பதில் சிதையக் கூடாது.