சேவலுக்குக் கொடுத்த சளி மாத்திரை

மாமா,

உங்கள் பிஸ்கட் டின்னைத் திறந்ததும் தைலமும் பழைய மாத்திரையும் கலந்த அந்த வாடை அடித்தது. தோட்ட லயத்தில் யாருக்குக் காய்ச்சல் விட்டாலும் மிச்ச மாத்திரை உங்கள் டின்னுக்குத்தான் வரும். அடுத்து யார் தும்மினாலும் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பீர்கள். போன வருடம் கோலா தெர்லா வளைவில் லோரி கவிழ்ந்து நீங்கள் போனதும், டின்னைத் தூக்கிப்போடச் சொன்னார் அம்மா. நான் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்தேன்.

இன்று எனக்குச் சளி. டின்னிலிருந்து வெள்ளை ஒன்று, ரோஸ் ஒன்று விழுங்கினேன். பிறகுதான் அட்டையிலிருந்த பெயர்களைக் கைப்பேசியில் தேடினேன். ஏதோ ஆராய்ச்சியில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த முயல்களுக்கு இதயம் தாளம் தப்பித் துடித்ததாம். அப்போதிலிருந்து போர்வைக்குள் சுருண்டபடி எழுதுகிறேன்.

ஆராய்ச்சி என்றதும் உங்கள் சேவல்தான் ஞாபகம் வருகிறது. சளி பிடித்துச் சுருண்டு கிடந்த அதற்கு, உங்கள் மாத்திரையில் பாதியை வாழைப்பழத்தில் பொதிந்து ஊட்டினீர்கள். கொஞ்ச நேரத்தில் அதன் நெஞ்சில் காதை வைத்துப் பதறினீர்கள்.

“அக்கா, உறுமி மேளம் மாதிரி அடிக்குதுக்கா! நடுநடுவுல ஒரு அடிய விட்டுடுது!”

“மனுசனுக்கும் நீதான் டாக்டர், கோழிக்கும் நீதானாடா? தானா ராத்தா டவுன்ல கிளினிக்க மூடிட்டாங்களா?”

“அங்க பேரு பதிய அடையாளக் கார்டு கேப்பாங்க லா, சேவலுக்கு ஏது ஐசி!”

அம்மா சிரிக்கவில்லை. நீங்களும்தான். உங்கள் சுவெட்டரில் அதைச் சுற்றி, விடியும்வரை மடியில் வைத்திருந்தீர்கள். மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு அது கூவியது. அதன்பிறகு கடைசிவரை அதற்கு விடியல் அந்த நேரம்தான். பள்ளி விட்டு வந்து படுத்த எங்களைக் கூவி எழுப்பும்.

“பாவம்டி, வாயில்லா ஜீவன். நெஞ்சு என்னா பண்ணுதுன்னு அதால சொல்ல முடியாதுலா,” என்றீர்கள் என்னிடம். அன்றோடு கோழி வைத்தியத்தை விட்டீர்கள். மனித வைத்தியத்தை மட்டும் விடவில்லை.

இப்போது என் நெஞ்சு படபடக்கிறது. மாத்திரையா, பயமா, தெரியவில்லை. காது வைத்துப் பார்க்க நீங்களும் இல்லை. ஆனால் எனக்கு வாய் இருக்கிறது, மாமா.

டின்னோடு போய் அம்மாவை எழுப்பப்போகிறேன். தானா ராத்தா கிளினிக் போய்ச் சேரும்வரை திட்டுவார். பாதி எனக்கு, பாதி உங்களுக்கு.

ஐசியை எடுத்து வைத்துவிட்டேன்.