பதினாறுக்குப் பிறகு எங்கள் இடம்

ஒக். 2, வியாழன்

குளிர். கார்க் கண்ணாடியில் பனி சுரண்டல், இந்த வருடம் முதல் தடவை. துறைமுகத்தில் இரண்டு கப்பல். முதுகு பிடிப்பு.

வாங்க: எள்ளு, உழுந்து, வாழைக்காய், உறைந்த வாழையிலை. கார் ரயருக்குக் காற்று. 17இல் மனைவி விமலாவின் ஆட்டைத் திவசம். அவள் போய் ஒரு வருடம். 16, 17 லீவு எடுத்தாயிற்று.

தேநீர் நேரத்தில் ரொறன்ரோவிலிருந்து மச்சாள் போன், விமலாவின் தமக்கை.

"தம்பி, திங்கக்கிழமைக்கு எல்லாம் ஆயத்தமோ?"

"திங்களோ? திவசம் பதினேழு எல்லே மச்சாள்."

"ஆர் சொன்னது? அவள் போனது புரட்டாதிப் பறுவத்தில, முழுநிலவு அண்டைக்கு. இந்தமுறை பறுவம் ஆறாந் திகதி வருது. ஐயரைக் கேக்கேல்லையோ?"

கேட்கவில்லை. ஒரு வருடமாகச் சுவர்க் கலண்டரில் 17ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம். பஞ்சாங்கம் அலுமாரிக்குள். மடையன்.

ஒக். 3, வெள்ளி

தூறல். ஐயரைக் கேட்டேன். ஆறாந் திகதிதான்.

வீட்டில் செய்யலாம் என்கிறார். முடியாது. ஆஸ்பத்திரியில் அவள் சொன்னது இன்னும் காதில்: "சாம்பலை ஆத்தில கரைக்காதையுங்கோ, கப்பல் எண்ணெய். நாங்கள் கூடாரம் அடிக்கிற குளத்தில விடுங்கோ. திவசத்துக்கு அங்கேயே வந்து சோறு வையுங்கோ." ஓம் என்றேன். கேட்டது அது ஒன்றுதான்.

குளம் வடக்கே நாலு மணித்தியாலம். அரச காணி, எவரும் கூடாரம் அடிக்கலாம். ஆனால் கரையில் நல்ல இடம் ஒன்றுதான், அதில் ஒரு பாறை. வேட்டைக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் ரெஜானுக்கும் அங்கே பருவகால அனுமதி. ஆடியில் அவரோடு பெரிய வாக்குவாதம். கடைசியில் நாள் பிரித்தோம்: ஒக்ரோபர் 15 வரை அவர், 16 முதல் நாங்கள். கை கொடுத்தோம். காரணம் கேட்டார். "விடுமுறை" என்றேன். சாம்பல் கரைத்தது சட்டப்படி சரியோ பிழையோ, பயம்.

மகள் அபி அவருக்கு பிரெஞ்சில் போன் எடுத்தாள்.

"அப்பா, ஆள் மாட்டன் எண்டு சொல்லேல்ல. அங்க பத்துப்பேர் நிக்கினமாம். பாறையில ஒரு மணித்தியாலம் தாறாராம்."

"வேற என்ன சொன்னவர்?"

"சொன்ன நாளை மாத்தினது நீங்களாம்."

உண்மை. எரிச்சலும் அதனால்தான்.

ஒக். 5, ஞாயிறு

வெயில். மேற்பார்வையாளரைக் கெஞ்சி 16ஐ நாளைக்கு மாற்றினேன். 17 லீவையும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். இனி மார்கழி வரை லீவு இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

மறக்காதே: காஸ் அடுப்பு, தர்ப்பை, நீரிழிவுக் குளிசை, படம்.

ஒக். 6, திங்கள்

பத்து மணிக்குக் குளம். காற்றில்லை, தண்ணீர் பளிங்கு. ஆறு கூடாரம், நாலு ட்ரக், செம்மஞ்சள் சட்டைகள். கார்ப் பின்கதவைத் திறந்துவைத்து அடுப்பு மூட்டினோம். அபி சோறு, நான் கறி. பயிற்றம்பணியாரம் மச்சாள் அனுப்பியது.

பாறைக்குப் போனால், மேலே இரண்டு மரத்துக்குக் குறுக்கே தடி. தடியில் மூஸ் மான், தோல் உரித்து, நாலு துண்டாக. விடியச் சுட்டதாம். இரத்தம் பாறையில் வடிந்து தண்ணீருக்குள். போன மார்கழிக்கு முன் நான் முழங்காலில் நின்று அவளை விட்ட அதே இடம். பாத்திரத்தை அபி வாங்கிக்கொண்டாள்.

ரெஜான் வந்தார். பெரிய உருவம். அபி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், சாம்பலையும். தொப்பியைக் கழற்றினார். பிறகு அவளிடம் ஏதோ.

"ஆடியிலயே சொல்லியிருந்தா வேற மரத்தில கட்டியிருப்பனே எண்டுறார், அப்பா."

ஆட்களைக் கூப்பிட்டு இறைச்சியை ட்ரக்குக்கு மாற்றினார். பாறையில் பத்து வாளி தண்ணீர் ஊற்றினார். வேட்டைக்காரர்கள் தள்ளி நின்று மெதுவாகக் கதைத்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

இலை போட்டுப் படைத்தேன். எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். காகம் எடுத்த பிறகுதான் நாங்கள் சாப்பிடுவது. கா, கா என்று கூப்பிட்டேன்.

வந்தன. ஏழெட்டு, பெரிய வடக்குக் காட்டுக் காகங்கள். தலைக்கு மேலே ஒரு வட்டம். நேரே எதிர்க்கரை. அங்கே மூஸின் குடல் குவியல்.

பதினொன்றரை. பன்னிரண்டு. ஒரு மணி. எனக்குத் தலை சுற்றல். அபி: "சாப்பிடுங்கோ அப்பா, அம்மா கோவிக்க மாட்டா." கோபிப்பாள். எனக்குத் தெரியும்.

தந்த ஒரு மணித்தியாலத்தை ரெஜான் கணக்கெடுக்கவில்லை. தோணியில் எதிர்க்கரைக்குப் போய்த் துடுப்பை ஆட்டிக் கத்திக் காகங்களைக் கலைத்தார். எழும்பின. திரும்பக் குடலிலேயே இறங்கின. மூன்று தடவை.

இரண்டு மணிக்குக் குளிசை போட்டு ஒரு பிடி சோறு தின்றேன். இலையை அப்படியே விட்டு வந்தோம்.

ஒக். 7, செவ்வாய்

வேலை. மழை. மச்சாள் போன்.

"காகம் எடுத்ததோ?"

"ஓம், உடனே எடுத்தது."

"அப்ப சரி. அவள் சந்தோசமாப் போட்டாள்."

ஒக். 17, வெள்ளி

முதல் பனித்தூவல். இரண்டு ஷிப்ட் வேலை. இடைவேளையில் ரெஜானிடமிருந்து படம், கீழே பிரெஞ்சில் நாலு சொல். அபிக்கு அனுப்பினேன், போனில் வாசித்துச் சொன்னாள்: இடம் காலி, சொன்னபடி உங்களுடையது.

படத்தில் பாறை, சுத்தமாக. மரத்தில் தடி இல்லை. குடலும் இல்லை, எதிர்க்கரையிலேயே புதைத்துவிட்டார்களாம். மரக்கிளையில் மூன்று காகம், சும்மா இருக்கின்றன.