மெட்காஃபின் ஆடு மல்லாந்த கதை

என் சுண்டெலிக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் நாய் ஜிப்பும் ஆடுகளும் சுகம், கோழியில் ஒன்றை மட்டும் நரி கொண்டுபோய்விட்டது. நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளை காலினும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நீ ‘ரிக்வெல்ட்’ என்று சொன்னதும் காலின் வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்களாமே. சிரிக்கட்டும். மழையில் கம்பளி கனத்த ஆடு மல்லாந்து, நாலு காலையும் மேலே தூக்கி, எழ முடியாமல் கிடந்தால் நம் பள்ளத்தாக்கில் அதற்கு ரிக்வெல்ட் என்று பேர். ரிக் என்றால் முதுகு, மற்றப் பாதி என்னவென்று பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடம் விட்ட எனக்குத் தெரியாது. அப்படியே விட்டால் வயிறு உப்பிச் செத்துப்போகும், அதற்குள் காக்கை கண்ணைக் கொத்திவிடும் என்று அவர்களிடம் சொல்.

உன்னிடம் மறைத்துவிட்டேன் கண்ணே, அப்பா இறந்துபோன இந்த நாலு மாதமும் நான் நாற்காலியை விட்டு எழவே இல்லை. ஆடுகளை விற்றுவிட்டு உன்னோடு வந்துவிடச் சொன்னாய், சரியென்று நானும் ஏலக்காரரை வியாழக்கிழமை வரச் சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை ஜன்னல் வழியே பார்த்தால் சுவரோரம் ஒரு ஆடு மல்லாந்து உதைத்துக்கொண்டிருக்கிறது. இடுப்பில் சிவப்புக் குறி, நம்முடையது இல்லை, அடுத்த பண்ணை அமோஸ் மெட்காஃபுடையது. அவருடைய கோணக்கால் கிடா சுவர் தாண்டி நம் பெட்டைகளோடு சேர்ந்த நாளிலிருந்து அவரும் அப்பாவும் பதினோரு வருடம் பேசவில்லை என்பது உனக்குத் தெரியும். யார் ஆடாயிருந்தால் என்ன, அப்பாவின் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுச் செருப்போடு ஓடினேன். கம்பளியைப் பிடித்துப் புரட்டினேன், எழுந்து நின்றது. அந்தச் சந்தோஷத்தில் கையை விட்டுவிட்டேன், மறுபக்கம் தொப்பென்று விழுந்துவிட்டது! முப்பது வருடம் ஆட்டுக்காரன் பெண்டாட்டியாக இருந்தும் இப்படி ஒரு புத்தி. மறுபடி நிமிர்த்தி முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அமோஸ் வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை, “விட்றாத ஆக்னஸ், அதுக்கு இன்னும் கால்ல உசுரு வரல” என்று அந்தப் பக்கம் வந்து பிடித்துக்கொண்டார்.

அரைமணி நேரம் நடுவில் ஆட்டை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம். “செருப்பப் பாரு, டான்ஸுக்குக் கெளம்பினியா?” என்றார். “உங்க ஆட்டக் கொஞ்சம் பட்டினி போடுங்க, இடுப்பு போச்சு” என்றேன். பிறகு அவர் ஆட்டைப் பார்த்துக்கொண்டே, “பதினோரு வருஷத்துல மேத்யூ என் ஆட்ட எத்தன தடவ நிமித்திருப்பான்னு நெனக்கிற? நானும் அவன் ஆட்ட நிமித்திருக்கேன். ஒரு வார்த்த பேசிக்கல. ஆனா கால் ஊன்றதுக்கு முன்னாடி ரெண்டு பேருமே விட்டுட்டுப் போனதில்ல” என்றார். அப்பா என்னிடம் இதைச் சொன்னதே இல்லை, கள்ளன். நான் அழுதேன், பிறகு சிரித்தேன், ஆடு அவர் பூட்ஸ் மேலேயே மூத்திரம் பெய்ததும் இன்னும் சிரித்தேன். போகும்போது, “கம்பளி கத்தரிக்க நான் வர்றேன். அந்த ஏலக்காரன வரவேண்டாம்னு சொல்லு, என்னா?” என்று கேட்டார். பழக் கேக்கும் சீஸும் கொடுத்தேன், மூன்று துண்டு தின்றுவிட்டு, போன வருடத்துக் கேக்கா என்று கேட்கிறார்!

ஏலக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. உன்மேல் ஆசை இல்லாமல் இல்லை, இப்போதுதான் எழுந்து நிற்கிறேன், கொஞ்சம் நடந்து பார்க்கிறேன். அடுத்த குளிர்காலம் வந்து உன் வீட்டைப் பார்க்கிறேன். நீயும் காலினும் தீர்க்காயுசாக, சண்டை போட்டாலும் அன்றைக்கே பேசிவிடுகிறவர்களாக இருங்கள். நான் பின்னி அனுப்பிய கம்பளியை அலமாரியில் வைக்காமல் போட்டுக்கொள். ஆட்டை நிமிர்த்தினால் சீக்கிரம் கையை விடாதே.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அப்பா ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அதன் காதில் ஏதோ முணுமுணுப்பாரே, நாம் கிட்டே போனால் நிறுத்திவிடுவாரே. அன்றைக்கு நான் பிடித்துக்கொண்டு நின்றபோது என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவர் என்னடி சொல்லிக்கொண்டிருந்தார்?

உன் அம்மா,
ஆக்னஸ்