எல்லோருக்கும் ஒரே காய்ச்சல்

வீடு,
ஞாயிற்றுக்கிழமை.

என்னங்க,

வணக்கம். நானும் அத்தையும் பாப்பாவும் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் விசாரித்தாயிற்று, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் எதையாவது அழுத்திக் கேட்டால் உங்களுக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம் என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் சேரச் சொன்ன ஆங்கில வகுப்பில் சேர்ந்துவிட்டேன். தொடக்கநிலை எழுத்துத் தேர்வில் தேறினால்தான் எனக்கும் பாப்பாவுக்கும் அங்கே வர விசா என்று ஆகிவிட்டது. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் போகிறேன். இல்லாவிட்டால் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாலும் அந்த இடத்துப் படி ஏற மாட்டேன்.

கீழே கோழிக்கடை, மேலே வகுப்பு. ஜன்னலைத் திறந்தால் இறகு பறந்து வருகிறது, மூடினால் மூச்சு முட்டுகிறது. பெஞ்சுக்கு அடியில் கை வைத்தால் யாரோ மென்று ஒட்டிய சூயிங்கம். வாத்தியார் ஒவ்வொரு தாளையும் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத்தான் புரட்டுவார். என் தாள் என் கைக்குத் திரும்பி வரும்போது ஓரமெல்லாம் ஈரம். நுனிவிரலால் பிடித்துத்தான் வாங்குகிறேன். வீட்டில் இதைச் சொன்னதிலிருந்து அத்தை அவருக்கு எச்சில் வாத்தியார் என்று பெயர் வைத்துவிட்டார்.

எச்சிலையாவது துடைத்துவிடலாம். அவர் சொல்லிக்கொடுக்கும் முறைதான் எனக்குக் குமட்டுகிறது. தேர்வில் ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள். கேள்வியோடு மூன்று குறிப்பு கொடுத்திருப்பார்கள், மூன்றுக்கும் பதில் இருக்க வேண்டும், ஒன்றை விட்டாலும் மதிப்பெண் போயிற்று. அதற்கு இவர் கைவசம் நாலைந்து கடிதம் வைத்திருக்கிறார். அழைப்புக்கு ஒன்று, நன்றிக்கு ஒன்று, வர முடியாது என்று சொல்ல ஒன்று. அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டும். அவ்வளவுதான் படிப்பு.

போன வாரம் ஒரு மாதிரித் தேர்வு வைத்தார். விருந்துக்குக் கூப்பிட்ட தோழிக்கு, வர இயலாது என்று எழுத வேண்டும். எல்லார் தாளையும் உரக்கப் படித்தார். முதல் பெஞ்சில் இருப்பவருக்குக் காய்ச்சல். அவருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் காய்ச்சல். கடைசி பெஞ்சு வரைக்கும் எல்லோருக்கும் ஒரே காய்ச்சல், எல்லோரையும் அதே டாக்டர் படுக்கச் சொல்லியிருக்கிறார். அசல் ஈயடிச்சான் காப்பி. ஒருவருக்காவது வயிற்றுவலி வரக்கூடாதா?

நான் மட்டும், "எனக்குக் கூட்டம் பிடிக்காது, அதனால் வரவில்லை, இன்னொரு நாள் தனியாக வருகிறேன்" என்று எழுதியிருந்தேன். சின்னச் சின்ன வாக்கியம்தான், ஆனால் நானே யோசித்து எழுதியவை. அவர் தாளைத் தூக்கிக் காட்டி, "தோ பாருங்க, இப்படியெல்லாம் உண்மைய எழுதக் கூடாது. காய்ச்சல்னு போட்டா எழுதறவனுக்கும் நிம்மதி, படிக்கறவனுக்கும் நிம்மதி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இருந்தாலும் விடாமல் படிக்கிறேன். சட்டை ஆலையில் பிசிறு வெட்டும்போது, கண்ணில் படுவதையெல்லாம் மனதுக்குள் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கிறேன். காலர் வெள்ளை, பொத்தான் நீலம், சூப்பர்வைசர் குண்டு. பக்கத்து மேசைக்காரி நான் வாய்க்குள் முணுமுணுப்பதைப் பார்த்து, எனக்குப் பேய் பிடித்துவிட்டதா என்று அத்தையிடமே கேட்டுவிட்டாள்.

இன்னொன்று. நீங்கள் ஏற்பாடு செய்த விசா புரோக்கர் ஆலை வாசலுக்கே வந்தான். என் அடையாள அட்டையும் தேர்வுச் சீட்டும் அவனிடம் இருந்தால்தான் வேலை நடக்கும் என்று வாங்கிக்கொண்டான். "சும்மா கிளாசுக்குப் போயிட்டு வாங்க மேடம், மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்று கண்ணடிக்காத குறையாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மத்தது என்றால் என்ன? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. நீங்கள் போகும்போது அந்தப் பல் முளைக்கவே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


வீடு,
செவ்வாய்க்கிழமை.

என்னங்க,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. அத்தை விசாரித்ததாக எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

மத்தது என்றால் என்னவென்று தெரிந்துவிட்டது. நேற்று புரோக்கர் ஒரு பெண்ணை வீட்டுக்கே கூட்டிவந்தான். கண்ணாடி போட்ட, அமைதியான பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். உறவுக்காரி யாரோ என்று நினைத்து உட்காரச் சொல்லி டீயும் பிஸ்கட்டும் கொடுத்தேன். அவள் டீயைக் குடிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்கக்கா" என்றாள். நானும் மடச்சி மாதிரித் திரும்பினேன். "வகிடு எப்பவும் இடது பக்கமா? மச்சத்தப் பென்சில்ல போட்டுக்கலாம். போட்டோல போட்டிருக்கற சட்டைய மட்டும் குடுத்திருங்க" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குப் பதிலாக அவள் போய்த் தேர்வு எழுதப் போகிறாள். தையல்காரர் மாதிரி என் முகத்தை அளவெடுக்க வந்திருக்கிறாள்.

சீ என்றாகிவிட்டது. என் சட்டையை அவள் உடம்பில் நினைத்துப் பார்த்தேன். அந்தச் சட்டையை இனி நானே போடுவேனா என்று தெரியவில்லை. புரோக்கரிடம் சத்தம் போட்டேன். அவன் அசரவே இல்லை. "சார்தான மேடம் சொன்னாரு. 'அதுக்கு அதெல்லாம் வராது, நீங்களே ஆள் வெச்சு முடிச்சிருங்க'ன்னாரு" என்றான்.

அப்படித்தான் சொன்னீர்களா? எனக்கு வராது என்று என்னிடம் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். கோழிக்கடை நாற்றத்தில் நான் உட்கார்ந்து படித்ததெல்லாம் ஊருக்குக் காட்டவா? பாப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, நீயும் ஸ்கூலா?" என்று கேட்டதற்கு எவ்வளவு பெருமையாக ஆமாம் என்று சொன்னேன் தெரியுமா?

உள்ளே படுத்திருந்த அத்தை எழுந்து வந்து எல்லாவற்றையும் கேட்டார். அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தார். "பரீட்சைய இவளே எழுதறா, முகத்தையும் இவளே வெச்சுக்கறா. அப்ப விசாவையும் இவளுக்கே குடுத்து என் மகன்கிட்ட அனுப்பிரேன்பா, ஒரே செலவா முடிஞ்சிரும்" என்று புரோக்கரிடம் சொன்னார். வேறு நேரமாக இருந்தால் நானே விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அவன் யாருக்கோ போன் பேச வெளியே போனபோது அந்தப் பெண் என்னிடம், "அக்கா, ஒருவேளை புருஷனப் பத்திக் கேள்வி வந்தா எழுதணும். உங்க வீட்டுக்காரருக்கு என்ன புடிக்கும்?" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் மேல் இருந்த அருவருப்பில் பட்டென்று பதில் சொல்லி அனுப்பிவிடத்தான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. முன்பு என்ன பிடிக்கும் என்று தெரியும். இப்போது? என்ன சாப்பிடுகிறீர்கள், லீவு நாளில் என்ன செய்கிறீர்கள், அறையில் உங்களோடு யார் இருக்கிறார்கள், எதுவும் தெரியாது. அறை சின்னது, குளிர் அதிகம், கிடங்கில் பெட்டி ஏற்றுகிற வேலை பரவாயில்லை. இத்தனை வருஷமாக நீங்கள் சொன்னது இவ்வளவுதான். எச்சில் வாத்தியார் உங்களுக்கும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டாரோ என்று தோன்றியது.

நான் முழிப்பதைப் பார்த்து அவளே, "பரவால்லக்கா. எல்லா வீட்டுக்காரருக்கும் ஒரே மாதிரிதான் எழுதுவேன். உயரமா இருப்பாரு, நல்லவரு, டீ புடிக்கும்" என்றாள். எத்தனை பேருக்கு எழுதியிருப்பாள் என்று கேட்கவில்லை. அவளாக எந்த வெளிநாட்டுக்கும் போனதில்லை என்பது மட்டும் அவளுடைய தேய்ந்த செருப்பைப் பார்த்தாலே தெரிந்தது. நீங்கள் டீ குடித்து நான் பார்த்ததே இல்லை. இப்போது குடிக்கிறீர்களோ என்னவோ.

எங்கள் ஆலையில் சட்டையைச் சரிபார்த்ததும் அவரவர் எண் போட்ட ஸ்டிக்கரை ஒட்டுவோம். தப்பான சட்டை வெளியே போனால் அந்த எண்ணுக்குத்தான் திரும்பி வரும். ஒருத்தி தான் பார்த்த கிழிசல் சட்டையில் என் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டாள் என்று நான் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டுச் சண்டை போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அன்றைக்கு நீங்கள் என் பக்கம்தான் பேசினீர்கள். இன்றைக்கு நீங்களே என் ஸ்டிக்கரை எடுத்து அடுத்தவள் கையில் கொடுத்திருக்கிறீர்கள்.

பிடிபட்டால் எனக்கும் பாப்பாவுக்கும் அந்த நாட்டுக் கதவு அடைபட்டுவிடும். பிடிபடாவிட்டால்தான் என்ன? அங்கே வந்து, பாப்பாவுக்கு நிஜமாகவே காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்கு நாலு வரி எழுத வேண்டியிருந்தால், அந்தக் கண்ணாடிக்காரியையா கூப்பிடுவீர்கள்?

தேர்வை நானே எழுதுவேன். தோற்றால் நானே தோற்கிறேன். இதற்கு நீங்கள் சரி என்று சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை, புரோக்கரிடம் சொன்ன வார்த்தைக்கு மட்டும் எனக்கு ஒரு பதில் எழுதுங்கள்.

உங்கள் மனைவி


வீடு,
வெள்ளிக்கிழமை.

என்னங்க,

நாங்கள் மூவரும் நலம். போன கடிதம் போட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, பதில் வரவில்லை. போனில் பாப்பாவோடு மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். எனக்கும் கோபம் இருக்கிறது, ஆனால் தேர்வு முடிந்துவிட்டதால் செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது.

என் அட்டையையும் சீட்டையும் புரோக்கர் லேசில் தரவில்லை. இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று இழுத்தடித்தான். கடைசியில் அத்தையையும் கூட்டிக்கொண்டு அவன் ஆபீசுக்குப் போனேன். அத்தை அவன் நாற்காலியிலேயே சட்டமாக உட்கார்ந்துவிட்டார். "குடுக்கற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன், எனக்கு வீட்ல ஒரு வேலையும் இல்ல" என்றார். வருகிற ஆளிடமெல்லாம், "நீங்களும் ஆள மாத்தித்தான் எழுதறீங்களாப்பா?" என்று அக்கறையாக விசாரித்தார். அவன் ஓடிப்போய் இரண்டையும் எடுத்துவந்து கொடுத்துவிட்டான். மகனைப் பெற்றவர் என் பக்கம் உட்கார்ந்தார் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேர்வுக்கூடத்து வாசலில் போட்டோவையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். நான் நான்தான் என்றாலும் வகிடு இடது பக்கம்தானா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அந்தச் சட்டையைத்தான் போட்டுப் போனேன். கோழிக்கடை வகுப்புக்காரர்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். உதடு அசைய அசைய, காய்ச்சலையும் டாக்டரையும் கடைசியாக ஒருமுறை உருப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அழைப்பும் வரவில்லை, மறுப்பும் வரவில்லை. உங்கள் குடும்பத்தில் ஒருவரைப் பற்றி ஒரு புதுத் தோழிக்கு எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். குறிப்பு மூன்று. அவர் யார்? என்ன வேலை செய்கிறார்? ஓய்வு நேரத்தில் இருவரும் சேர்ந்து என்ன செய்வீர்கள்?

என்னைச் சுற்றிலும் பேனாக்கள் ஓடின. எல்லோரும் டீ பிடித்த, உயரமான நல்லவரோடு எங்காவது போய்க்கொண்டிருந்திருப்பார்கள். அத்தையைப் பற்றி எழுதியிருந்தால் எனக்கும் சுலபமாக முடிந்திருக்கும், அத்தைக்கு இரண்டு பக்கம்கூடப் போதாது. ஆனால் பேனா உங்களைத்தான் எழுதியது. அவர் என் கணவர் என்று எழுதினேன். குளிரான ஊரில் ஒரு பெரிய கிடங்கில் பெட்டி ஏற்றுகிறார் என்று எழுதினேன். மூன்றாவதில் பேனா நின்றுவிட்டது. விட்டால் மதிப்பெண் போகும். பொய்யை எழுதினால் மதிப்பெண் வரும், எழுதிய கையைக் கழுவத் தோன்றும்.

கடைசியில் எழுதிவிட்டேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "முன்பு சாயங்காலத்தில் சேர்ந்து நடப்போம். இப்போது அவருக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் இந்தத் தேர்வை எழுதுகிறேன்." எழுதியவை சரியா தப்பா என்று தெரியாது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் என்னுடையது. வெளியே வந்து, வாசலில் காத்திருந்த எச்சில் வாத்தியாரிடம் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டார்.

முடிவு வர இன்னும் நாளாகும். தோற்றால் திரும்ப எழுதுவேன். அதைப் பற்றி இனி எனக்குப் பயமில்லை. தேறிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. கதவைத் தட்டும்போது உள்ளே இருப்பவருக்குத் திறக்க இஷ்டமா என்று தெரிய வேண்டாமா?

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்களும் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள், உங்கள் கையால் எழுதுங்கள். மூன்று குறிப்பு தருகிறேன். இப்போது உங்களுக்கு என்ன பிடிக்கும்? அந்த அறையில் உங்களோடு யார் இருக்கிறார்கள்? நானும் பாப்பாவும் வர வேண்டுமா, வேண்டாமா? வர வேண்டும் என்றால் நாளைக்கே பெட்டி கட்டத் தயார். வேண்டாம் என்றாலும் அதை அப்படியே எழுதுங்கள், படித்துவிட்டு நான் எப்படியோ எழுந்து நிற்பேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். எங்கே இருந்தாலும், யாரோடு இருந்தாலும், நோய் நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

காய்ச்சல் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தன் கையாலேயே எழுதும்
உங்கள் மனைவி