ஆறு புள்ளி மூன்று லிட்டர்

மாசாய், ஜொகூர்
20.10.2024

அன்பிற்குரிய தர்மினி அப்பாவுக்கு,

சாந்தினி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் கடல் தாண்டிப் பிந்துலுவில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நாம் பேசுவது இரண்டு நிமிடம். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அங்கே மழையா, மழைதான். அதற்கு மேல் நீங்களும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. வாட்ஸ்அப்பில் மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் அனுப்பாமல் அழித்துவிட்டேன். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ராஜம்மா அக்காவின் மருமகன் ஏறிப் பார்த்துச் சரிசெய்து கொடுத்தார். கம்பெனியில் என்னைப் பகல் ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். கோத்தா திங்கியில் போன வாரமே ஆற்றில் வெள்ளம் ஏறி, பள்ளிக்கூடத்தை இரண்டு நாள் மூடினார்கள். உங்கள் பக்கமும் நல்ல மழை என்று செய்தியில் சொன்னார்கள். மழையில் நனைந்தால் உங்களுக்கு இளைப்பு வரும். மருந்தை ரூமில் வைத்துவிட்டு வேலைக்குப் போகாதீர்கள், சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுத வந்தது இதையெல்லாம் இல்லை.

வரும் கார்த்திகையோடு நம் மகள் தர்மினி போய் மூன்று வருடம். அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது கோவிட் காலம். ஆஸ்பத்திரிக்குப் போய் வேறு எதையாவது ஒட்டிக்கொண்டு வருவோமோ என்று பயந்து, ஒரு நாள் பார்க்கலாம் என்று நாம் இருவரும்தான் முடிவு செய்தோம். மறுநாள் மதியம் அவளை மடியில் போட்டுக்கொண்டு நான் பின் சீட்டில் இருந்தேன். பாசிர் கூடாங் சாலையில் நெரிசல். மேட்டில் நம் மைவி கார் இழுக்கவில்லை. நீங்கள் ஸ்டியரிங்கைக் கையால் ஓங்கி அடித்தீர்கள். டிங்கிக் காய்ச்சல் என்றார்கள். இரண்டே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு நாள் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை நாம் இருவருமே கேட்டோம். ஆனால் வீட்டுக்கு வந்ததும் நீங்கள் சொன்னது, வண்டி மட்டும் இழுத்திருந்தா என் புள்ள பொழச்சிருக்கும் என்பதுதான். நான் இல்லையென்று சொல்லவில்லை. வண்டியின் மேல் பழியைப் போடுவது அப்போது எனக்கும் தேவைப்பட்டது.

அதன்பிறகு ஏழு மாதம் நீங்கள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தீர்கள். வேலை போயிற்று. தாடி வளர்ந்தது. பேசினால் பதில் இல்லை. நான் பக்கத்து அறையில் அழுதால்கூட எழுந்து வரவில்லை. மகளோடு புருஷனையும் கொடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் நீங்கள் வாசலில் மைவியின் முன்மூடியைத் திறந்துவைத்து நின்றீர்கள். இன்ஜினுக்கு மூச்சு விட வழியில்லை, காற்றுப்பெட்டி சின்னது, அகலமான குழாய் போட்டால் வண்டி இழுக்கும், பெட்ரோலும் மிச்சமாகும் என்றீர்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்கள் பேசுகிறீர்கள் என்பது மட்டும் புரிந்தது. அலுமினியக் குழாய் வாங்கி வந்து, வளைத்து, தேய்த்து, முனையில் கூம்பு பில்டர் வைத்து ஒரு மாதத்தில் மாட்டிவிட்டீர்கள். மிதித்தால் வண்டி உறுமியது. கேக்குதா சாந்தினி, இப்ப மூச்சு விடுது பாரு என்று சொல்லிச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது என்று எனக்குத்தான் தெரியும்.

பிறகு சோதனை. நீங்கள் எதையும் சும்மா நம்புகிற ஆள் இல்லை. பழைய பெட்டியோடு ஆறு தடவை, புதுக் குழாயோடு ஆறு தடவை. மாசாயில் ஒரே ஸ்டேஷனில், ஒரே பம்பில் வாய்வரை நிரப்பி, கோத்தா திங்கி போய்த் திரும்பி, மறுபடி வாய்வரை நிரப்பி எத்தனை லிட்டர் ஏறுகிறது என்று பார்ப்பது. ஓட்டுவது நீங்கள், நிரப்பி நோட்டில் எழுதுவது நான். கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவள், நீ எழுதினா தப்பே வராது என்று சொல்லித்தான் நோட்டை என்னிடம் கொடுத்தீர்கள்.

பழைய பெட்டிக்கு ஆறு தடவையும் ஆறு புள்ளி மூன்று லிட்டருக்கு முன்னே பின்னேதான் வந்தது. புதுக் குழாயின் முதல் நாள் ஆறு புள்ளி மூன்று. இரண்டாம் நாள் ஆறு புள்ளி நான்கு. மூன்றாம் நாள் மறுபடி ஆறு புள்ளி மூன்று. அன்று நீங்கள் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தீர்கள். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. கட்டிலில் ஏறிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன்.

நான்காம் நாள் பம்பில் காட்டியது ஆறு புள்ளி மூன்று. நான் எழுதியது ஐந்து புள்ளி ஆறு.

ஐந்தாம் நாளும், ஆறாம் நாளும் அப்படித்தான். ஐந்து புள்ளி ஐந்து, ஐந்து புள்ளி நான்கு என்று என் கையாலேயே எழுதினேன். முதல் மூன்று நாளுக்குக் காரணத்தை நீங்களே சொன்னீர்கள். இன்ஜின் கம்ப்யூட்டர் புதுக் காத்துக்குப் பழகணும்ல, அதுக்கு முன்னாடி எடுத்த கணக்கு சரி வராது என்று சொல்லி அந்த மூன்று வரியையும் பேனாவால் அடித்தீர்கள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

இதுதான் நான் சொல்ல வேண்டியது. இரண்டு வருடமாகச் சொல்லாதது. கணக்கில் தப்புச் செய்தது நீங்கள் இல்லை. நான்.

அப்போது ஒரு வாரம், பத்து நாள் நீங்கள் சந்தோஷமாக இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். இந்தக் குழாயைச் செய்து விற்க நீங்கள் கடை எடுப்பீர்கள் என்று நினைக்கவில்லை. பெட்ரோலில் நூற்றுக்குப் பதின்மூன்று மிச்சம் என்று பெரிய எழுத்தில் போர்டு போடுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஒவ்வொரு குழாயிலும் தர்மினி என்று பெயர் ஒட்டினீர்களே, அந்த ஸ்டிக்கர் அச்சடித்து வந்த அன்றாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நீங்கள் அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் டீ போடப் போய்விட்டேன்.

பிப்ரவரி மாதக் கூட்டத்தை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். கோத்தா திங்கி பள்ளி வேன் ஓட்டுநர் சங்கம் கேட்டுக்கொண்டதால் தொழில்நுட்பக் கல்லூரி சிவசம்பு சார் கடைகளில் விற்கிற ஐந்து வகைக் குழாய்களைச் சோதித்தார். நம்முடையதை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். சார் உருளை இயந்திரத்தின் மேல் வண்டியை ஏற்றி ஓட்டி, சாலையிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஐந்தில் ஒன்றுகூட பெட்ரோலை மிச்சப்படுத்தவில்லை என்றார். சத்தம் கூடுவதால் வேகம் கூடியதாக நமக்குத் தோன்றுகிறது, ஆனால் பில்டர் இன்ஜின் பக்கத்துச் சூட்டுக் காற்றை இழுப்பதால் இழுவை கொஞ்சம் குறையத்தான் செய்கிறது என்றார். சில வண்டிகளில் குழாயை அகலமாக்கினால் காற்றை அளக்கிற கருவி குறைவாக அளந்துவிடும், அதனால் டாஷ்போர்டில் மட்டும் மிச்சமானதாகக் காட்டும், டேங்கை நிரப்பிப் பார்த்தால் ஒன்றும் மிச்சமிருக்காது என்று அவர் விளக்கியபோது, நம்மிடம் வாங்கிய சபாபதி அண்ணன் தலையில் கை வைத்தார். அவர் வேன் அப்படித்தான் காட்டியதாம்.

நீங்கள் எழுந்து நோட்டை நீட்டினீர்கள். என் வீட்டுக்காரி எழுதுன கணக்கு சார், அவ எழுதினா தப்பு வராது என்றீர்கள். சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அடித்த மூன்று வரியும் தன் கணக்கோடு ஒத்துப்போகிறது, மற்ற மூன்றும் எப்படி வந்தது என்றுதான் விளங்கவில்லை என்றார். நீங்கள் திரும்பி, இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தீர்கள். நான் மடியைப் பார்த்தேன். அப்போதுதான் சபாபதி அண்ணன் சத்தமாக, செத்துப்போன புள்ள பேர ஒட்டியா எங்கள ஏமாத்துனீங்க என்று கேட்டார். நீங்கள் பதில் பேசவில்லை. விற்றதையெல்லாம் வீடுவீடாகப் போய்த் திரும்ப வாங்கி, கடையை மூடி, மார்ச் மாதம் பிந்துலுவுக்கு விமானம் ஏறிவிட்டீர்கள். ஏன் அப்படி எழுதினாய் என்று ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் அந்தச் சொல்லை நீங்களே வாங்கிக்கொண்டீர்களா? எட்டு மாதமாக இது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடுகிறது.

போன மாதம் சிவசம்பு சாரைத் தேடி பெர்மாஸ் ஜெயாவுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். மறுபடி சோதனை செய்ய வேண்டும், நான் ஓட்டுகிறேன், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள் என்று கேட்டேன். முடிவு மாறாதே அம்மா என்றார். தெரியும் சார், என் கையால சரியா எழுதணும் என்றேன். நீங்கள் மாட்டிய குழாய் மைவியில் அப்படியேதான் இருந்தது. அதோடு மூன்று தடவை, பழைய பெட்டியோடு மூன்று தடவை, அதே சாலை, அதே பம்ப். ஆறு தடவையும் ஆறு புள்ளி மூன்றை ஒட்டியே வந்தது. வழியெல்லாம் செம்பனைத் தோட்டம். தர்மினி இருந்தால் இந்த வருடம் இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டு படிப்பாள் என்று சாரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

இந்த மாதச் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். எழுந்து நின்று, என் வீட்டுக்காரர் ஹேமநாதன் யாரையும் ஏமாற்றவில்லை, அவரை ஏமாற்றியது நான், பொய்க் கணக்கு எழுதியது நான் என்று சொன்னேன். ஒரு பெண்மணி எதற்கம்மா அப்படிச் செய்தாய் என்று கேட்டார். அவர் சாப்பிட வேண்டும் என்பதற்காக என்றுதான் சொல்ல வந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அது எனக்கு உரியதுதான். கூட்டம் முடிந்து சபாபதி அண்ணன் கார் வரைக்கும் கூடவே வந்தார். தங்கச்சி, நான் அந்த மனுசன்கிட்ட அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, நம்பர் குடு, நானே பேசணும் என்றார். உங்களைக் கேட்காமல் கொடுக்கவில்லை. கொடுக்கலாமா?

குழாயைக் கழற்றித் துடைத்து அலமாரிக்குள் வைத்திருக்கிறேன். அதை என்ன செய்வது என்பது உங்கள் விருப்பம். மைவி இப்போது பழைய பெட்டியோடு சத்தமில்லாமல் ஓடுகிறது. அந்தப் பாசிர் கூடாங் மேட்டில் நேற்று மெதுவாக ஏறினேன். வண்டியின் மேல் தப்பில்லை. உங்கள் மேலும் தப்பில்லை. ஒரு நாள் பார்க்கலாம் என்று நாம் சொன்னது பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான். இதை நான் எனக்கே பல தடவை சொல்லிப் பார்க்கிறேன். உங்களுக்கும் யாராவது பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும்.

என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுதத் தைரியம் வரவில்லை. திட்டுவதற்காவது இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசுங்கள். நவம்பர் கடைசியில் அவளுடைய திதி வருகிறது. போன இரண்டு வருடமும் நாம் சேர்ந்துதான் படைத்தோம். லீவு கிடைத்தால் வாருங்கள். கிடைக்காவிட்டால், இலையில் என்னென்ன வைக்க வேண்டும் என்று ஒரு வரியாவது எழுதி அனுப்புங்கள். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உங்களைக் கேட்டுச் செய்ய வேண்டும் போல் இருக்கிறது.

உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் அம்மன் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சாந்தினி