பாதி பன்

டீச்சர்,

இன்று காலை மலைமேல் செம்மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பேக்கரியிலிருந்து பன் சுடும் வாசனை வந்தது. வளைவுக்கு வளைவு குலுங்கி வந்த வயிறு அதுவரை எதுவும் வேண்டாம் என்றிருந்தது. வாசனை பட்டதும் உங்கள் நினைவு வந்துவிட்டது. ஒன்று வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தேன்.

நீங்கள் ஆங்கிலம், நான் கணக்கு. அடிவாரத்தில் ஒரே பஸ்ஸில்தான் ஏறுவோம். அப்பாவை அத்தா என்பீர்கள்; அவர் பேக்கரியில் விடியக்காலம் சுட்ட பன்னைத் தாளில் சுற்றித் தினமும் கொண்டுவருவீர்கள். மதியம் அதைப் பிரித்து என் பக்கம் நகர்த்துவீர்கள். நான் வளர்ந்த வீட்டில் வேறு சாதி, வேறு மதத்துக்காரர் கை பட்டதைத் தின்னக்கூடாது என்பார்கள். படித்து, வேலைக்கு வந்த பிறகும் அந்தக் கண்றாவியை நான் விடவில்லை. அதை நேரே சொல்லும் துணிச்சலும் இல்லை. திங்கட்கிழமை விரதம், வெளிப்பண்டம் தொடமாட்டேன் என்றேன். செவ்வாயும் அப்படியே என்றேன். வெள்ளி வரும்போது சொல்லுவதற்குச் சாமியே மிச்சமில்லை.

"உங்களுக்கு வாரம் பூராவும் விரதந்தானுங்களா?" என்று சிரித்தீர்கள். கோபப்படவில்லை. பாதியைப் பிட்டு, அதே தாளில் மடித்து, என் பக்கமே வைத்தீர்கள். "இருக்கட்டுமுங்க, பசிச்சா எடுத்துக்கங்க." தினமும் இதேதான். மாலையில் அது வைத்த இடத்திலேயே இருக்கும். நீங்களே எடுத்துப் பையில் போட்டுக்கொள்வீர்கள்.

நம் வகுப்புகளுக்கு நடுவே இருந்தது ஒரு பலகைத் தடுப்புதான். ஒருநாள் அந்தப் பக்கம் நீங்கள் 'கம்பானியன்' என்ற சொல்லை நடத்திக்கொண்டிருந்தீர்கள். சொற்களின் பூர்வீகத்தைத் தோண்டுவதில் உங்களுக்கு ஒரு பைத்தியம். லத்தீனில் 'கொம்' என்றால் கூட, 'பானிஸ்' என்றால் ரொட்டி. கூட உட்கார்ந்து ரொட்டி தின்பவர்தான் கம்பானியன் என்றீர்கள். ஸ்பெயினில் கொம்பஞேரோ, இத்தாலியில் கொம்பாஞோ, பிரான்ஸில் சிநேகிதனுக்குக் கொப்பேன், எல்லாவற்றுக்குள்ளும் அதே ரொட்டி. அண்ணன்மார் வேலைக்குப் போகும் கம்பெனியும் அதே குடும்பத்துச் சொல்தான் என்றதும் பிள்ளைகள் சிரித்தார்கள்.

அப்போது ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "அப்ப கணக்கு டீச்சர் உங்க கம்பானியன் இல்லீங்களா டீச்சர்? அவங்க உங்க பன்னைத் தின்னதே இல்லீங்களே."

என் கையில் சாக்பீஸ் அப்படியே நின்றது.

"அவங்களுக்கு விரதம் கண்ணு. முடிஞ்சதும் சாப்பிடுவாங்க" என்றீர்கள். குரலில் துளிக் கேலி இல்லை. என் பொய்யை எனக்காக நீங்கள் காப்பாற்றினீர்கள். நான் வெட்கத்தில் கூனிக் குறுகிப்போனேன்.

அன்று மதியம் நானே கையை நீட்டினேன். விரதம் முடிந்துவிட்டது என்றேன். ஏன், எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை. பெரிய பாதியாகப் பார்த்துக் கொடுத்தீர்கள். அதன்பிறகு நாம் சேர்ந்து தின்னாத நாளில்லை. நீங்கள் நோயில் படுத்தபோது வீட்டுக்கு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தும் தின்றேன். தடுப்புக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது என்று சொல்ல ஒவ்வொரு தடவையும் வாயெடுப்பேன். மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிடுவேன். பிறகு சொல்ல நீங்கள் இல்லை.

உங்கள் இடத்துக்கு இந்த வாரம் கீழே சமவெளியிலிருந்து புது டீச்சர் வந்திருக்கிறார். நான் என்ன சாதி என்று வந்த அன்றே ப்யூனிடம் விசாரித்திருக்கிறார். இன்று மதியம் பன்னைப் பிட்டு நீட்டினேன். அவர் தன் டிபன் பாக்ஸைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு, "இன்னைக்கு விரதமுங்க" என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அடுத்த நிமிடம் சிரிப்பும் வந்தது. பாதியைத் தாளில் மடித்து அவர் பக்கம் வைத்தேன். பசித்தால் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

மாலையில் அது அப்படியே இருந்தது. பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஒரு பாதி பன் மடியில் என்ன கனம் கனக்கிறது டீச்சர். இதைத்தான் அத்தனை நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை சொல்லாமல், நீங்கள் மலையிலிருந்து இறக்கிக்கொண்டு போனீர்கள்.

எனக்கு ஒருநாளும் விரதம் இருந்ததில்லை. நாளைக்கும் பன் வாங்கிக்கொண்டு போவேன்.