மூன்று தடவை கூப்பிட்டாலும்

அன்புள்ள அம்மாவுக்கு பூபதி எழுதுவது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா? நான் சௌக்கியம். சத்தீஸ்கரில் எங்கள் போர்வெல் வண்டி நிற்கும் காட்டில் டவர் இல்லை. அதனால் திருச்செங்கோடு திரும்பும் லாரியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

டிபன் டப்பாவுக்குள் மெமரி கார்டும் ஸ்பீக்கரும் வைத்து போன வாரம் நானே ஒரு பாட்டுப்பெட்டி செய்தேன். அன்று சாயங்காலம் அதைக் கிளையில் மாட்டிவிட்டு விறகு பொறுக்கினேன். பாட்டு பாதியில் நின்று, "பூபதி, ஊட்டுக்கு வா சாமி" என்று உங்கள் குரல் வந்தது. உங்கள் குரலை நான் அதில் பதிவு செய்ததே இல்லை. பேய் இரண்டு தடவைதான் கூப்பிடும், காட்டில் யார் கூப்பிட்டாலும் மூன்றாவது தடவைதான் பதில் சொல்ல வேண்டும் என்பீர்களே! கேட்டு மாதக்கணக்காகிவிட்ட குரல் என்பதால், முதல் தடவையே "வாரேனுங்கம்மா" என்றுவிட்டேன்.

எங்கள் வண்டிச் சமையல்கார அண்ணனிடம் சொன்னேன். "வயரை மாத்திக் குடுத்திருப்பே தம்பி" என்று சிரித்தார். வயர்களைப் பிரித்து மறுபடி பற்றவைத்தேன். இப்போது பாட்டே வருவதில்லை. "வாரேனுங்கம்மா" என்று என் குரல் மட்டும் வருகிறது, தினமும் இன்னும் கொஞ்சம் தூரத்திலிருந்து.

வேறொன்றுமில்லை. பருப்புப்பொடி கொடுத்தனுப்புங்கள். லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். நான் பொங்கலுக்குத்தான் வருவேன். அதற்கு முன் வாசலில் என் குரல் கேட்டால், மூன்று தடவை கூப்பிட்டாலும் கதவைத் திறக்காதீர்கள்.

பூபதி